பக்கவாட்டில் போன சூடு

ஆய்வகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பேராசிரியரிலிருந்து தரை துடைக்க வருபவர் வரை எல்லோருக்கும் அவள் இமையக்கா. அலுவலகத்துக்குப் புதிதாக வந்த எழுத்தர் ஒருவர் வருகைப் பதிவேட்டில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "இப்படி ஒருத்தங்க இங்க வேலை பார்க்கறாங்களா?" என்று அவளிடமே வந்து விசாரித்திருக்கிறார்.

அந்தப் பட்டப்பெயருக்குக் காரணம் அவள் கையில் இருந்த கருவி. மெல்லிய மூங்கில் குச்சி ஒன்றின் நுனியில் தன் கண்ணிமை மயிர் ஒன்றைப் பசை வைத்து ஒட்டியிருந்தாள். அவள் வளர்த்த படிகங்கள் வெங்காயத் தோலைவிட மெல்லியவை. இடுக்கியால் தொட்டால் நொறுங்கிவிடும். ஊசியால் தொட்டால் கீறல் விழும். இமை மயிர் மட்டும்தான் வளைந்து கொடுத்து, படிகத்தை நோகாமல் தூக்கும். வேறு மயிர்களையும் முயன்று பார்த்தவள்தான். தலைமயிர் தடிப்பு. பூனை மீசை விறைப்பு.

"இமை எல்லாம் கொட்டிப்போச்சுன்னா என்னக்கா பண்ணுவீங்க? ஸ்டோர்ல எழுதிக் கேட்பீங்களா?" என்று சீண்டுவார்கள்.

"கேட்டா மட்டும் உடனே குடுத்துடுவாங்களாக்கும்? மூணு பேர்கிட்ட விலைப்புள்ளி வாங்கிட்டு வான்னு சொல்லுவாங்க" என்பாள்.

இருபத்திரண்டு வருடமாக அவள் செய்த வேலை இதுதான். கை நீளக் கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் ஆரஞ்சு நிறப் பொடியைச் சிட்டிகை அளவு வைப்பாள். குழாயை உலைக்குள் செருகி, வாயுவை மெல்லத் திறந்துவிடுவாள். பொடி ஆவியாகி, வாயுவோடு நகர்ந்து, குழாய் சற்றே ஆறியிருக்கும் இடத்தில் போய்ப் படியும். இரண்டு நாளில் அங்கே செம்மஞ்சள் ஏடுகள் முளைத்திருக்கும். அவசரப்பட்டு உலையைக் கூட்டினால் படிகம் கிடைக்காது, வெறும் துகள்தான் மிஞ்சும். வெளிச்சமும் காற்றும் சேர்ந்து பட்டாலும் அது கெட்டுவிடும். அதனால் அந்த அறையில் சிவப்பு விளக்கு மட்டும். காலையில் உள்ளே போய் மதியம் வெளியே வந்தால், சிறிது நேரத்துக்கு உலகமே பச்சையாகத் தெரியும்.

அந்தப் படிகம் மின்சாரத்தைக் கடத்தும். செம்பைப் போலத் தாராளமாக அல்ல. அளவாக, திறந்து மூடக்கூடிய விதத்தில். கணினிக்குள் சிலிக்கான் செய்கிற வேலையைக் கரிமப் பொருள் ஒன்று செய்கிறது என்பதுதான் அதன் பெருமை. மெல்லிசாக இருக்கும், வளையும், பிளாஸ்டிக் தாளிலேயே ஒட்டிவிடலாம். ஒரே ஒரு குறை, சூடு. மின்சாரம் ஓடினால் சூடு பிறக்கும். பிறந்த சூடு வெளியே போக வழி வேண்டும். இந்தப் படிகத்தில் அந்த வழி ரொம்பக் குறுகல்.

ஏன் என்று அவளுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. வளர்த்து வளர்த்து அவளே புரிந்துகொண்டது அது. கட்டட வேலையில் கலவைச் சட்டியை வரிசையாக நின்று கைமாற்றிவிடுவார்களே, அப்படித்தான் சூடும் போகிறது. வைரத்தில் ஆட்கள் தோளோடு தோள் இறுகி நிற்கிறார்கள், சட்டி பறக்கிறது. இந்தப் படிகத்தில் ஆட்கள் தள்ளித் தள்ளி நிற்கிறார்கள், அதிலும் ஒவ்வொருவனும் நின்ற இடத்தில் ஆடிக்கொண்டே இருக்கிறான். பாதிச் சட்டி கைமாறும்போதே சிதறுகிறது. ஒரு திசையில் மட்டும் கொஞ்சம் நெருங்கி நிற்பதால், நீளவாக்கில் போகிற சூடு குறுக்குவாக்கில் போவதைவிட அதிகம். அதுவும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. செம்புக்கு நானூறு என்றால், கண்ணாடிக்கு ஒன்று, இதற்கு ஏறக்குறைய அரை. உலகத்தில் இதை அளந்தவர்கள் எல்லோரும் சொன்னது அந்த அரையைத்தான்.

புள்ளிக்கு மட்டும் ஆறு வந்தது.

புள்ளி என்பது முனைவர் பட்டத்துக்காக அங்கே நான்கு வருடமாக உழைத்துக்கொண்டிருந்த ஆய்வாளர். எந்நேரமும் வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே இருப்பார். புள்ளி சரியாக விழாத அன்று சாப்பிடமாட்டார். ஒல்லி, முப்பதைத் தாண்டியவர், புதிதாகக் கல்யாணமானவர். படிகத்தின் ஒரு முனையைக் குளிர்ந்த உலோகக் கட்டியில் இமையக்கா ஒட்டித் தர, இவர் மறு முனைக்கு மயிரிழைக் கம்பி ஒன்றால் சூடு கொடுத்து, நடுவில் இரண்டு இடத்தில் வெப்பநிலை பார்ப்பார். கொடுத்த சூடு எவ்வளவு, இரண்டு இடத்துக்கும் நடுவே இறங்கியது எவ்வளவு என்று தெரிந்தால் எண் கிடைத்துவிடும். அளவெடுப்பு முழுவதும், காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குடுவைக்குள் நடக்கும்.

ஆறு வந்த அன்று பேராசிரியர் சிவப்பறைக்கே ஓடி வந்தார். அறுபதை நெருங்கும் மனிதர், அதுவரை அந்த அறைக்குள் மூன்று முறைகூட நுழைந்திருக்கமாட்டார்.

"என்னம்மா வளர்த்து வச்சிருக்கீங்க! ஊர் உலகத்துல யாருக்கும் வராத படிகம்!"

"எப்பவும் வளர்க்கற மாதிரிதான் சார் வளர்த்தேன்."

"அதான் விஷயமே! இத்தனை வருஷம் நீங்க இதை வளர்த்துக்கிட்டு இருந்திருக்கீங்க, நாமதான் ஒழுங்கா அளக்கல."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. குறையில்லாத படிகம் என்பதால்தான் சூடு தடையில்லாமல் ஓடுகிறது என்று விளக்கம் எழுதினார். கட்டுரை பெரிய இதழில் வந்தது. ஆசிரியர் வரிசையில் ஐந்து பெயர்கள், நான்காவது அவளுடையது. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ கட்டுரைகள் அவள் படிகத்தை வைத்து வந்திருந்தன. அவள் பெயர் அச்சில் ஏறியது அதுதான் முதல் தடவை. ஒரு பிரதி எடுத்துவந்து, வீட்டு அலமாரியில் புடவைகளுக்கு அடியில் மடிப்புக் கலையாமல் வைத்தாள். கேட்பவர்களிடம் "அது கெடக்குது" என்றாள். யாரும் இல்லாதபோது எடுத்துப் பார்த்தாள்.

வீட்டில் அவளும் தங்கையும்தான். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை செய்துகொண்டு, புருஷன் சரியில்லாமல் பிரிந்து வந்தவள். அவளுக்கு ஒரே மகள், வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். தங்கை பதினாறு வருடம் உடுப்புத் தொழிற்சாலையில் மணி கோத்துத் தைக்கும் வேலை பார்த்தாள். அவள் விரல்கள் வேகமானவை, ஓசையில்லாதவை. பேசிக்கொண்டே, பார்க்காமலே ஊசியில் நூல் கோத்துவிடுவாள். அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். எட்டு மாதம் வீட்டில் இருந்தவள், அக்காவின் புடவைகளுக்கெல்லாம் ஓரம் அடித்து முடித்துவிட்டுத் திரைச்சீலைகளுக்கு வந்திருந்தாள்.

கட்டுரை வெளிவந்த கையோடு ஒரு நிறுவனம் பேராசிரியரைத் தேடி வந்தது. வளைகிற மின்தகடு செய்கிறவர்கள். சூட்டைப் பரப்புவதற்காக அடியில் உலோகத் தகடு வைக்கவேண்டியிருந்ததால் அவர்கள் சரக்கு தடிமனாகவே இருந்தது. படிகமே சூட்டை இழுத்துக்கொண்டு போகும் என்றால் உலோகம் எதற்கு? நகரத்துக்கு வெளியே ஒரு சோதனைக்கூடம் திறந்தார்கள். படிகங்களை எடுத்து ஒட்டப் பதமான கை வேண்டும் என்றார்கள்.

"எனக்குத் தெரிஞ்ச கை ஒண்ணு இருக்கு" என்றாள் இமையக்கா.

ஒரே வாரத்தில் தங்கைக்கு வேலை பழகிவிட்டது. இமை மயிரில் குச்சி செய்துகொடுத்தது அக்காதான். "என் கண்ணுல கைய வைக்காத, உன் கண்ணுல புடுங்கித் தர்றேன்" என்று சொல்லி, சொன்னபடியே செய்தாள். தங்கை ஐயோ அம்மா என்று கத்தி, பிறகு வெகுநேரம் சிரித்தாள். அதன்பின் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் பேச்சு அதுதான்.

"இன்னிக்கு நாப்பது ஒட்டினேன்க்கா. ஒண்ணுகூட ஒடையல."

"நல்லாருக்கு."

"எங்க மேஸ்திரி பூதக்கண்ணாடி வச்சுப் பார்க்கறாரு. நான் வெறுங்கண்ணால பார்க்கறேன். அவருக்கு அதுல கோவம்."

புள்ளி தன் ஆய்வேட்டை முடிக்கும் கட்டத்துக்கு வந்திருந்தார். பின்னிணைப்புக்கு ஒரு பட்டியல் தேவைப்பட்டது. எந்தப் படிகம், எந்த நாள் வளர்த்தது, நீளம் எவ்வளவு, தடிமன் எவ்வளவு. அதெல்லாம் இமையக்காவின் நோட்டுகளில் இருந்தது. பதினெட்டு நோட்டு, அவள் கையெழுத்து.

"அக்கா, இதை ஒரு வரிசையா எழுதித் தந்துடுங்க. பக்கத்துல எனக்கு வந்த எண்ணையும் சேர்த்து எழுதிடுங்க" என்று தன் தாள்களையும் கொடுத்துவிட்டுப் போனார்.

எழுத எளிதாக இருக்கட்டும் என்று அவள் நீளத்தின்படி அடுக்கினாள். எழுதிக்கொண்டே வந்தவளின் பேனா பாதியில் நின்றது. நீளம் கூடக்கூட எண் கூடிக்கொண்டே போனது. பத்து மில்லிமீட்டருக்கு ஆறு. எட்டுக்கு நான்கு. ஆறுக்கு இரண்டரை. குட்டையான படிகங்களுக்கு எண்ணே இல்லை. அந்தக் கட்டங்களில் 'ஒட்டு சரியில்லை, விடப்பட்டது' என்று புள்ளி எழுதியிருந்தார்.

ஒட்டு சரியில்லை என்பதை அவள் நம்பவில்லை. அந்தப் படிகங்களை ஒட்டியதே அவள்தான்.

ஒரு பொருள் எவ்வளவு சூட்டைக் கடத்தும் என்பது பொருளின் குணம். உப்பு ஒரு சிட்டிகை என்றாலும் ஒரு மூட்டை என்றாலும் கரிப்புதான். நீளத்தைப் பார்த்து அது எப்படி மாறும்?

மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின் அவள் சிவப்பறைக்குள் போனாள். ஆறு வந்த அந்தப் பத்து மில்லிமீட்டர் படிகத்தையே எடுத்துக் குடுவைக்குள் வைத்து அளந்தாள். ஆறேதான். அதை வெளியே எடுத்து, சவரத் தகட்டின் ஓரத்தால் பாதியாக நறுக்கினாள். இருபத்திரண்டு வருடத்தில் நல்ல படிகம் ஒன்றை அவள் வேண்டுமென்று உடைத்ததில்லை. பாதியை அளந்தாள். இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. அதையும் பாதியாக்கி அளந்தாள். ஒன்றுக்கும் கீழே.

ஒரே படிகம். ஒரே நாள். ஒரே ஒட்டு.

அப்போது அவளுக்குப் புரிந்துவிட்டது. நாளெல்லாம் வெயில் வாங்கிய சுவரோரம் சாயங்காலம் நடந்தால், தொடாமலே அனல் கன்னத்தில் அடிக்கும். படிகமும் அப்படித்தான் தன் பக்கங்கள் வழியே சூட்டை வெளியே வீசிக்கொண்டிருந்தது. காற்றை எடுத்துவிட்டால் மட்டும் அது நிற்காது. படிகம் நீளமாக இருந்தால் வீசுகிற பக்கமும் அதிகம். கொடுத்த சூட்டில் பெரும்பகுதி மறு முனைக்குப் போய்ச் சேரவே இல்லை. பக்கவாட்டில் போய்விட்டது. போனதை எல்லாம் படிகம் கடத்தியதாகக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். உலகம் சொன்ன அரைதான் சரி. அவள் படிகத்தில் எந்த அதிசயமும் இல்லை.

சாயங்காலம் புள்ளி அந்தப் பக்கம் வந்ததும் மூன்று துண்டுகளையும் மூன்று எண்களையும் காட்டினாள்.

அவர் மூன்று எண்களையும் திரும்பப் படித்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல தம்பி. உங்ககிட்டதான் முதல்ல."

"எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சுக்கா." அவர் தரையைப் பார்த்துப் பேசினார். "குட்டைப் படிகம் எல்லாம் கம்மியாக் காட்டும்போதே இருந்துச்சு. சார்கிட்ட சொன்னேன். ஒட்டு சரியில்லைன்னு சொல்லி விட்டுடச் சொன்னாரு."

"இப்ப என்ன பண்றது?"

"வாய்மொழித் தேர்வு ரெண்டு மாசத்துல வருதுக்கா. அது முடியட்டும். முடிஞ்ச மறுநாளே நானே சார்கிட்டப் போயிடறேன். இப்ப வெளிய வந்தா நாலு வருஷமும் போச்சு. வீட்டுல அவளுக்கு இது ஏழாம் மாசம்."

"என் தங்கச்சி அங்க வேலை பார்க்கறா."

"தெரியும்க்கா. அவங்க இப்ப ஒட்டிப் பழகிக்கிட்டுதான் இருக்காங்க. முழு கரண்ட் விட்டுப் பார்க்கறதுக்கு அடுத்த வருஷம் ஆகும். அதுக்குள்ள நாம சொல்லிடுவோம்."

அவள் தலையாட்டினாள். பிற்பாடு அந்தத் தலையாட்டலைப் பற்றி அவள் நிறைய யோசித்தாள். புள்ளிமேல் இரக்கப்பட்டாள் என்பது உண்மை. அடுத்த வருஷம் என்றதை நம்பினாள் என்பதும் உண்மை, நம்ப ஆசைப்பட்டதால் நம்பினாள். ஆனால் அன்று வீட்டுக்குப் போனதும் அவள் முதலில் செய்த காரியம், புடவைகளுக்கு அடியிலிருந்து அந்தக் கட்டுரையை எடுத்து நான்காவது பெயரைப் பார்த்தது. அதையும் அவள் தன்னிடமிருந்து மறைத்துக்கொள்ளவில்லை.

தங்கை வந்து, "இன்னிக்கு அம்பத்திரெண்டுக்கா" என்றாள்.

"நல்லாருக்கு" என்றாள் அக்கா.

வாய்மொழித் தேர்வு நல்லபடியாக முடிந்தது. மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். மறுநாள் புள்ளி பேராசிரியரிடம் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. "குழந்தை பொறந்துடட்டும்க்கா" என்றார். இமையக்கா, "நானே சொல்லிடட்டுமா?" என்று கேட்டாள். "ஒரே ஒரு வாரம்" என்றார் அவர். அந்த வாரத்தில்தான் நிறுவனத்துக்குப் பெரிய வாடிக்கையாளர்கள் வருவதாக இருந்தது. அவர்களுக்குக் காட்டுவதற்காகச் சோதனையை முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். இது ஆய்வகத்தில் யாருக்கும் தெரியாது. தங்கைக்கே அன்று காலை போனபிறகுதான் தெரிந்தது.

தகடு ஒரு முழ அகலம். முந்நூறு படிகங்கள், அத்தனையும் தங்கை ஒட்டியவை. அடியில் உலோகம் இல்லை. மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். மேல்பக்கம் வைத்திருந்த வெப்பமானி சாதாரணமாகவே காட்டியது. சூடு மேலே வரவும் இல்லை, ஓரத்துக்குப் போகவும் இல்லை. பிறந்த இடத்திலேயே தேங்கி நின்றது. அடியில் இருந்த பிளாஸ்டிக் சத்தமில்லாமல் இளகியது. ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டதைப் பார்த்துவிட்டு, ஒட்டு விட்டுப்போகிறது என்று நினைத்துத் தங்கை இரண்டு கையாலும் அமுக்கினாள். தன் வேலை கெடுகிறதே என்ற பதைப்பில் செய்தது அது. அமுக்கிய இடத்தில் பிளாஸ்டிக் உருகிக் குழம்பாகி, பற்றிக்கொண்டு, உள்ளங்கையிலும் விரல்களிலும் அப்பிக்கொண்டது. உதற உதறப் போகவில்லை. யாரோ ஓடிவந்து வாளித் தண்ணீருக்குள் அவள் கைகளை முக்கினார்கள். அது இறுகியதே தவிர விடவில்லை.

இமையக்காவுக்குத் தொலைபேசி வந்தபோது அவள் உலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வாயுவை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே எழுந்து போனாள்.

மருத்துவமனையில் தங்கையின் கைகள் முழங்கை வரை வெள்ளையாகச் சுற்றிக் கிடந்தன. மயக்கத்திலிருந்தவளின் உதடு எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. தொடையிலிருந்து தோல் எடுத்து வைப்பதாகச் சொன்னார்கள், ஒன்றல்ல, மூன்று அறுவைச் சிகிச்சை. மூன்றும் முடிந்தபிறகு மருத்துவர் பெண்மணி அக்காவைத் தனியே கூப்பிட்டார்.

"விரல் கொஞ்சம் மடங்கும். டம்ளர் பிடிக்கலாம். பயிற்சி பண்ணினா ஸ்பூன்கூட வரும்."

"ஊசி?"

"உங்க தங்கச்சி தையல்காரங்களா?"

"ஆமா."

மருத்துவர் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

விசாரணைக் குழு அமைத்தார்கள், மூன்று பேர். நிறுவனத்தார், பணியாளர் கையுறை போடவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். கையுறை போட்டால் இமைக்குச்சி பிடிக்க முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். பேராசிரியர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நிதானமான குரலில் பேசினார்.

"எங்க எண்ணுல தப்பு இல்லை. படிகத்தோட தரம் ஒரே மாதிரி இருந்திருக்காது. வளர்க்கறவங்க கவனிச்சிருக்கணும். அவங்களுக்கும் வயசாகுது."

அறையின் கடைசியில் இமையக்கா பதினெட்டு நோட்டுகளையும் மடியில் அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முறை வந்தது. நீளத்தின்படி அடுக்கிய பட்டியலை மேசைமேல் வைத்தாள். நறுக்கிப் பார்த்ததைச் சொன்னாள். என்றைக்குச் சொன்னாள், யாரிடம் சொன்னாள் என்று கேட்டார்கள். தேதியைச் சொன்னாள், புள்ளியைக் காட்டினாள்.

புள்ளியிடம் கேட்டார்கள். அவர் மகன் பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"அப்படி யாரும் என்கிட்ட சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல" என்றார்.

இமையக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். அவள் சண்டை போடவில்லை.

"அவருக்கு ஞாபகம் இல்லாட்டி போகட்டும். படிகம் இன்னும் இருக்கு. உங்க கண்ணு முன்னாடியே நறுக்கறேன், நீங்களே அளந்து பாருங்க" என்றாள்.

குழுவில் வேறு நிறுவனத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் விஞ்ஞானி இருந்தார். அதுவரை வாயைத் திறக்காதவர், "வாங்க, பார்த்துடலாம்" என்று எழுந்துவிட்டார். எல்லோரும் சிவப்பறையில் நெருக்கியடித்து நின்றார்கள். அவள் புதுப் படிகம் ஒன்றை எடுத்தாள், வைத்தாள், அளந்தாள், நறுக்கினாள், அளந்தாள், மறுபடி நறுக்கினாள். மூன்று மணி நேரம் ஆயிற்று. எண் படியிறங்குவதுபோல் இறங்கிவந்தது. கடைசித் துண்டை அளந்து முடித்தபோது, பேராசிரியர் அறையில் இல்லை.

அப்புறம் நடந்ததில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அதே இதழில் நான்கு வரி வந்தது. 'அளவீட்டில் நேர்ந்த குறைபாடு' என்று காரணம் போட்டிருந்தது. அடியில் ஐந்து பெயர்களும் இருந்தன, நான்காவது அவளுடையது. பேராசிரியர் வேறு திட்டத்துக்குப் போனார். புள்ளி வேறு நாட்டுக்குப் போனார். பட்டத்தை யாரும் பிடுங்கவில்லை. நிறுவனம் அந்தக் கூடத்தைப் பூட்டியது. இமையக்காவைச் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். தண்டனை இல்லை, நிர்வாக வசதிக்காக என்றார்கள். உலைகளை ஒரு ஓரமாகத் தள்ளித் துணி போட்டு மூடினார்கள்.

குழுவின் அறிக்கை தங்கைக்கும் ஒரு பிரதி வரும் என்று தெரிந்தது. அது வருவதற்கு முன் தானே சொல்லிவிடவேண்டும் என்று அக்கா முடிவு செய்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தங்கைக்குச் சோறு ஊட்டி முடித்து, வாயைத் துடைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். நறுக்கியதை, புள்ளி கெஞ்சியதை, தான் தலையாட்டியதை. அலமாரியில் இருந்த கட்டுரையைப் பற்றியும் சொன்னாள்.

தங்கை குறுக்கே பேசாமல் கேட்டாள். கைகள் இரண்டும் மடியில், யாரோ விட்டுப்போன சாமான்போலக் கிடந்தன.

"எத்தனை நாளு?" என்று கேட்டாள்.

"என்னது?"

"உனக்குத் தெரிஞ்சதுக்கும் இது நடந்ததுக்கும் நடுவுல. எத்தனை நாளு?"

"எழுபத்தி ஒண்ணு."

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தினமும் வந்து உன்கிட்ட சொன்னேனேக்கா. இன்னிக்கு இத்தனை ஒட்டினேன், இன்னிக்கு இத்தனை ஒட்டினேன்னு. நீ நல்லாருக்குன்னு சொன்னியே."



அன்றிலிருந்து தங்கை அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். கோபித்துக்கொண்டு தனியாகப் போய்விடவும் வழியில்லை. குளிப்பாட்ட, உடுத்திவிட, ஊட்ட, கழிப்பறைக்குக் கூட்டிப்போக, எல்லாவற்றுக்கும் அக்காவின் கை வேண்டியிருந்தது. காலையில் அக்கா அவளுக்கு எல்லாம் செய்துவிட்டுக் கிடங்குக்குப் போவாள், மதியம் ஓடிவருவாள், மறுபடி போவாள். தங்கை வாயைத் திறக்கவேண்டிய நேரத்தில் திறந்தாள், கையைத் தூக்கவேண்டிய நேரத்தில் தூக்கினாள். தலைவாரிவிட மட்டும் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டாள். அக்கா சீப்பை எடுத்தால் தலையை நகர்த்திக்கொண்டாள். ஐந்து மாதம் அப்படிப் போயிற்று.

மகளுக்குப் படிப்பு முடிந்து, அந்த ஊரிலேயே வேலை கிடைத்தது. அம்மாவை அழைத்துப்போக வந்தாள். பெரியம்மாவிடம் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. மருந்துகளை எந்த வேளைக்கு எது என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.

பேருந்து நிலையத்தில் கூட்டம் அதிகம் இல்லை. மகள் டிக்கெட் எடுக்கப் போயிருந்தாள். பை ஒன்று கீழே இருந்தது. தங்கை பழக்கத்தில் குனிந்து அதன் பிடியில் விரல்களைக் கொடுத்தாள். விரல்கள் மூடவில்லை. அக்கா பையை எடுத்து, அவள் முழங்கையில் மாட்டிவிட்டாள்.

"அந்த எண்ணை மாத்திட்டாங்களா?" என்று தங்கை கேட்டாள். ஐந்து மாதத்துக்குப் பின் அதுதான் முதல் பேச்சு.

"மாத்திட்டாங்க. அந்தக் குழுவுல வந்தாங்களே ஒரு அம்மா, அவங்க என் நோட்டை வாங்கிட்டுப் போயி, சரியா அளந்து போட்டிருக்காங்க."

"எவ்வளவு?"

"அரைக்கும் கொஞ்சம் கம்மி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மகள் வந்து அம்மாவின் இடுப்பை அணைத்துப் படியில் ஏற்றிவிட்டாள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்தவள் வெளியே பார்த்தாள். அக்காவைப் பார்த்தாளா, அக்காவுக்குப் பின்னால் இருந்த கடையைப் பார்த்தாளா என்று சொல்ல முடியாது. பேருந்து கிளம்பியது.

இமையக்கா கிடங்குக்குப் போனபோது அரை மணி நேரம் தாமதம். பதிவேட்டில் நேரத்தை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கண்ணாடிக் குழாய்கள் வந்த பெட்டி ஒன்று பிரிக்கப்படாமல் இருந்தது. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விரிசல் விட்டதைத் தனியே ஒதுக்க ஆரம்பித்தாள்.